துறைமுகத்தின் அலைவும் பட்டத்தின் விண்ணும்

பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் ஒருவரைச் சந்தித்தால் எங்கள் ஊரில் எந்தப் பாடம் என்று கேட்பார்கள், சிரேஷ்ட விரிவுரையாளரா என்று கேட்பார்கள், கலாநிதிப் படிப்பை எங்கே முடித்தீர்கள் என்று கேட்பார்கள். மாலை வேளைகளில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்பவர்கள் மிகச் சிலர். அவர்களிடம் உண்மையைச் சொன்னால், "அதற்கெல்லாம் நேரம் கிடைக்கிறதா?" என்ற கேள்வி உடனே வந்துவிடும். படித்தவர் படிப்போடு மட்டுமே இருக்க வேண்டும் என்ற எண்ணம் நம் சமூகத்தில் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. நான் திருகோணமலையில் பிரயோக கணிதம் கற்பிக்கிறேன். கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கங்களை ஆராய்வது என் தொழிலின் பகுதி. காற்றுக் காலங்களில், விண் என்ற கூவும் கருவியைப் பூட்டிய பட்டங்களைக் கட்டி ஏற்றுவது என் பொழுதுபோக்கு. இவ்விரண்டில் ஒன்றைக் கைவிட்டிருந்தால் மற்றதையும் இதே விருப்பத்தோடு இவ்வளவு காலம் தொடர்ந்திருக்க மாட்டேன் என்று உறுதியாக நம்புகிறேன். எவரும் கேட்காமல், எவரும் புள்ளி போடாமல், ஒரு பொருளோடு நெடுநேரம் இருக்கப் பழகிய மனமே ஆய்வுக்கும் தேவைப்படுகிறது.

முதலில் தொழிலைப் பற்றிச் சொல்கிறேன். இலங்கைக் கரைகளில் வற்றுப்பெருக்கு மிகச் சிறியது. பெருக்குக்கும் வற்றுக்கும் இடையிலான உயர வேறுபாடு எந்தக் கரையிலும் ஒரு மீற்றரை எட்டுவதில்லை, திருகோணமலையிலும் அப்படியே. வேறு நாடுகளில் கடல் வற்றும்போது கப்பல்கள் சேற்றில் அமர்ந்துவிடும் துறைமுகங்கள் உண்டு. அவற்றோடு ஒப்பிட்டால் எங்கள் உட்துறைமுகத்தின் நீர் அசைவதே கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அசைவு சிறியதாக இருப்பதாலேயே அதில் ஒளிந்திருக்கும் நுட்பமான அசைவுகள் வெளியே தெரிகின்றன. சந்திரனால் எழும் முதன்மையான பெருக்கு 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது. சூரியனால் எழுவது சரியாக 12 மணிக்கு ஒருமுறை. இவ்விரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்தும் விலகியும் ஓடுவதால் அமாவாசையையும் பூரணையையும் ஒட்டிப் பெருக்கு பெரிதாகிறது; அதைப் பெரும்பெருக்கு என்கிறோம். இடைப்பட்ட நாட்களில் அடங்குகிறது. இவற்றோடு நாளுக்கு ஒருமுறை வரும் கூறுகளும், சந்திரனின் பாதை மெல்லத் திரும்புவதால் 18.6 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் நீண்ட மாற்றமும் சேர்கின்றன. கடல்மட்டமானி வரைந்து தரும் ஒரே கோட்டுக்குள் இவை எல்லாம் பின்னிக் கிடக்கின்றன. அந்தப் பின்னலை ஒவ்வொரு இழையாகப் பிரித்தெடுக்கும் கணிதத்தைக் கற்பிக்கும் நாட்களில் வகுப்பறைக்குள் நுழையும்போதே எனக்குள் ஓர் உற்சாகம் பிறந்துவிடும்.

எல்லாக் கூறுகளையும் பிரித்து எடுத்த பின்னும் ஏதோ மிஞ்சுகிறது. பெரிய வளைகோட்டின் மேல் வாள்பற்களைப் போன்ற சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்கள், சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி வரையான கால இடைவெளிகளில் வந்துகொண்டிருக்கும். மூதூரிலிருந்து வந்து படித்த மாணவி ஒருவர் இந்த இடத்துக்கு வந்ததும், "சேர், இது வெறும் இரைச்சல்தானே, வடிகட்டிவிடவா?" என்று கேட்டார். வடிகட்ட வேண்டாம், அதை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள் என்றேன். அந்த வாள்பற்களில்தான் எங்கள் ஊரின் கடலுக்கே உரிய கதை இருக்கிறது.

வாளியில் தண்ணீரைச் சுமந்து நடக்கும்போது நீர் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குவதைப் போல, குடா ஒன்றின் நீர் முழுவதும் ஒரே பொருளாக ஊசலாடக்கூடியது. ஊசலாடும் கால இடைவெளியைக் குடாவின் நீளமும் ஆழமும் தீர்மானிக்கின்றன. ஒரு முனை கடலை நோக்கித் திறந்திருக்கும் குடாவின் நீளம் 4 கிலோமீற்றர், ஆழம் 20 மீற்றர் என்று வைத்துக்கொண்டால், அலையின் வேகம் செக்கனுக்கு 14 மீற்றர். அந்தத் தூரத்தை நான்கு மடங்காக்கி வேகத்தால் வகுத்தால் ஏறத்தாழ 19 நிமிடம் கிடைக்கும். உயர்தர மாணவர் ஒருவர் ஒரு தாளின் ஓரத்தில் செய்து முடிக்கக்கூடிய கணக்கு இது. ஆனால் குடா தானாக ஆடாது. அதை யாரோ தட்ட வேண்டும். காற்று தட்டலாம், வளிமண்டல அழுக்கத்தின் திடீர் மாற்றம் தட்டலாம். திருகோணமலையில் தட்டும் கை வங்காள விரிகுடாவின் மறுகரையிலிருந்து வருகிறது.

அந்தமான், நிக்கோபார்த் தீவுகளைத் தாங்கி நிற்கும் கடலடி முகடுகளின் மேல் பெரும்பெருக்கின் நீர் ஏறி இறங்கும்போது, மேலே உள்ள வெதுவெதுப்பான நீருக்கும் கீழே உள்ள குளிர்ந்த நீருக்கும் இடைப்பட்ட எல்லையில் அலைகள் பிறக்கின்றன. அவற்றை உள்ளலைகள் என்கிறோம். கடலின் மேற்பரப்பில் அவை அநேகமாகத் தெரிவதில்லை. மணிக்கு 8 கிலோமீற்றர் அளவான வேகத்தில், 1200 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தைக் கடந்து, ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து அவை எங்கள் கரையை வந்தடைகின்றன. கிழக்குக் கரையில் கடலடி மேடை மிகக் குறுகியது. திருகோணமலைக்கு எதிரே ஆழ்கடல் பள்ளத்தாக்கு கரைக்கு வெகு அருகிலேயே தொடங்கிவிடுகிறது. அதனால் ஆழத்தில் வரும் அலை தன் பலத்தைப் பெரிதும் இழக்காமலே கரையோர நீரைத் தட்டிவிட, குடாக்கள் ஊசலாடத் தொடங்குகின்றன. பெரும்பெருக்கு ஓய்ந்து கடல் அடங்கிவிட்டதாகத் தோன்றும் நாட்களில்தான் இந்த அலைவு தலைதூக்குகிறது. பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை இது மீண்டும் மீண்டும் வருவதைக் கணித்திரையில் கண்டபோது அந்த மாணவியின் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சி எனக்குப் பழக்கமானது. நானும் முதன்முதலில் அதை அதே மகிழ்ச்சியோடுதான் பார்த்தேன்.

உட்துறைமுக வீதியோரம் வள்ளம் கட்டும் முதியவர் ஒருவர் இதை வேறு விதமாக அறிந்து வைத்திருக்கிறார். "காத்தும் இல்லை, அலையும் இல்லை தம்பி, ஆனால் வள்ளம் கயித்தை இழுத்துக்கொண்டு நிக்கும். கொஞ்ச நேரத்தில மற்றப் பக்கம் திரும்பும்" என்றார். கருவி காட்டும் அலைவின் நீரோட்டத்தை அவர் கயிற்றின் இறுக்கத்தில் படித்திருக்கிறார். இப்படியான மனிதர்களோடு பேசக் கிடைப்பதை என் தொழிலின் பெரும்பேறாகக் கருதுகிறேன்.

இந்தத் துறையில் என்னை நிலைபெறச் செய்த நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2004 டிசெம்பர் 26, பூரணை நாள். சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நிலம் நழுவியபோது இங்கே காலை ஏழு மணிக்குச் சற்று முன். நாலாயிரம் மீற்றர் ஆழமுள்ள கடலில் நீண்ட அலையின் வேகம் மணிக்கு 700 கிலோமீற்றரைத் தாண்டும். ஒன்பது மணிக்கு முன்னரே எங்கள் கரைகள் அழிந்திருந்தன. ஈர்ப்பையும் ஆழத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் அலையின் வேகம் கிடைக்கும் என்ற அந்தச் சின்ன வாய்பாட்டை நான் அதற்கு முன்பும் அறிந்திருந்தேன். அதற்குப் பின் கரும்பலகையில் அதை எழுதும் ஒவ்வொரு முறையும், எதிரே அமர்ந்திருக்கும் பிள்ளைகளில் எத்தனை பேரின் வீடுகளில் அந்தக் காலை இன்னும் முடியவில்லை என்ற நினைப்போடுதான் எழுதுகிறேன். அந்த வாய்பாட்டை மனனமாக மட்டும் கற்பிக்க எனக்கு மனம் வருவதில்லை.

இனிப் பட்டம். என் தாய்மாமன் வடமராட்சியிலிருந்து திருகோணமலைக்கு வேலைக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தவர். அவர் ஊரில் தைப்பொங்கலை ஒட்டிப் பட்டம் ஏற்றுவது பெரும் கலை. வல்வெட்டித்துறையில் இன்று நடக்கும் பட்டத் திருவிழாவைப் பார்க்க நாட்டின் பல திசைகளிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். கொக்கு, பிராந்து, எட்டுமூலை என்று வகைவகையாகக் கட்டக் கூடியவர் மாமா. அவரிடம் நான் கற்றது எட்டுமூலையையும் அதற்குப் பூட்டும் விண்ணையும் மட்டுமே. அதுவே எனக்குப் போதுமாக இருக்கிறது.

மூங்கிலைப் பிளந்து, கத்தியின் முதுகைப் பெருவிரலால் தாங்கியபடி ஒவ்வொரு சலாகையையும் சீவ வேண்டும். கணு இருக்கும் இடத்தில் கத்தி இடறும். அங்கே அவசரப்பட்டால் சலாகை பிளந்துவிடும். சீவிய சலாகையின் நடுவைச் சுட்டுவிரலின் மேல் வைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் பாரம் என்று தெரியும். பாரமான பக்கத்தில் இன்னும் ஒரு மெல்லிய சுருள் சீவி, மீண்டும் விரலில் வைத்து, இரண்டு பக்கமும் சமமாகும்வரை இதைச் செய்ய வேண்டும். பிறகு கட்டு, பிறகு தாள் ஒட்டுதல். அதற்கும் பிறகு வருவது முச்சை. பட்டத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது. மேலே இரண்டு, கீழே ஒன்று என மூன்று நூல்களும் சந்திக்கும் முடிச்சை ஒரு விரல்கடை மேலே நகர்த்தினால் பட்டம் காற்றுக்குத் தலை சாய்த்து மிதக்கும். கீழே நகர்த்தினால் நெஞ்சை நிமிர்த்திக் காற்றை எதிர்த்து இழுக்கும். அன்றைய காற்றுக்கு எந்த இடம் சரி என்பதை முடிச்சின் மேல் வைத்த விரல்தான் சொல்ல வேண்டும். "மருமோன், காத்தோட மல்லுக்கட்டாதை, அது தானாத் தூக்கும்" என்பார் மாமா.

விண் என்பது கமுகஞ் சலாகையை வில்லாக வளைத்து, நாணுக்குப் பதிலாகத் தட்டையான நாரை இழுத்துக் கட்டிய ஒரு சிறு கருவி. மாமா பனைநாரை எடுத்துப் போத்தல் ஓட்டால் வழித்து வழித்து மெல்லியதாக்குவார். இப்போது பொதி கட்டும் நைலோன் நாடாவே எங்கும் பயன்படுகிறது. அதைப் பட்டத்தின் தலைப்பகுதியில் பூட்டி ஏற்றினால், உயரம் போனதும் கூவத் தொடங்கும். அந்தக் கூவல் வெகுதூரம் கேட்கும். வடமராட்சியில் இரவு முழுவதும் பட்டத்தை மரத்தில் கட்டி வைத்துவிட்டு, விண்ணின் ஒலியைக் கேட்டபடியே உறங்கிய தலைமுறைகள் இருந்திருக்கின்றன. ஒலி திடீரென்று கீழிறங்கினால் காற்று விழுகிறது என்று உறக்கத்திலேயே அறிந்து எழுந்து போவார்களாம்.

திருகோணமலையில் பட்டம் ஏற்றுவதற்கென்று தனி நுணுக்கம் உண்டு. மாரியில் வாடைக் காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசுவதால் கடற்கரையில் நின்று ஏற்றும் பட்டம் வீடுகளுக்கும் மின்கம்பிகளுக்கும் மேலாகப் போய் நிற்கும். அதற்குப் பெரிய வெளி தேடிப் போக வேண்டும். வைகாசிக்குப் பின் வரும் கச்சான் நிலத்திலிருந்து வீசுவது. உப்புவெளிக் கரையில் முதுகை ஊருக்குக் காட்டி நின்றால் பட்டம் கடலின் மேலே நிற்கும், நூலில் தென்னையும் இல்லை கம்பியும் இல்லை. ஆனால் கச்சான் ஒரே சீராக வீசாது, விட்டு விட்டு அறையும். நூல் அறுந்தால் பட்டத்தைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அதனால் கச்சானுக்குக் கட்டும் பட்டத்தில் சலாகையைச் சற்றுத் தடிப்பாக விட்டு, முச்சையைச் சற்று மேலே வைக்கிறேன்.

இதைக் கேள்விப்பட்ட சக ஆசிரியர்கள் சிலர், "விண்ணின் ஒலியைப் பதிவுசெய்து ஆய்வுக் கட்டுரையாக எழுதலாமே" என்று அக்கறையோடு சொல்வார்கள். எழுதலாம் என்பது உண்மைதான். உருண்டையான கம்பியைக் கடக்கும் காற்று, கம்பியின் பின்புறத்தில் மாறி மாறிச் சுழிகளை உதிர்த்துவிட்டுப் போகும். அதில் எழும் ஒலியின் மீடிறன், அதாவது செக்கனுக்கு எத்தனை அதிர்வுகள் என்பது, காற்றின் வேகத்தோடு ஏறி இறங்கும். விண்ணின் நார் தட்டையானது. அது காற்றில் முறுகி, முறுகுவதால் காற்றின் விசையை மாற்றி, மாறிய விசையால் மேலும் முறுகித் தன்னைத் தானே ஆட்டிக்கொள்கிறது. 1940 நவம்பர் 7 அன்று அமெரிக்காவின் டகோமா நரோஸ் தொங்குபாலம் மணிக்கு 64 கிலோமீற்றர் காற்றில் முறுகி முறுகி விழுந்ததும் இதே குடும்பத்தைச் சேர்ந்த நிகழ்வுதான். பாடப்புத்தகங்கள் பல அதை வெறும் பரிவு, அதாவது வெளியிலிருந்து வரும் தட்டு பொருளின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போவது, என்று எழுதிவிட்டுக் கடந்து போவது எனக்கு எப்போதும் வருத்தம் தரும். பாலத்தைப் பற்றி வகுப்பில் விரிவாகவே பேசுகிறேன். ஆனால் விண்ணைப் பற்றிக் கட்டுரை எழுதுவதில்லை என்று முடிவுசெய்திருக்கிறேன்.

கட்டுரை என்று வந்துவிட்டால் அளவீடு வேண்டும், ஒப்பீடு வேண்டும், முன்னர் எழுதியோரை மேற்கோள் காட்ட வேண்டும், மதிப்பீட்டாளரின் கேள்விகளுக்கு மறுமொழி எழுத வேண்டும். இவை எல்லாம் நல்ல காரியங்கள். என் பகற்பொழுதின் பெரும்பகுதியை இவற்றுக்கே மனமுவந்து கொடுக்கிறேன். ஆனால் மூங்கிலைச் சீவும்போது நான் யாருக்கும் எதையும் நிறுவ வேண்டியதில்லை. சலாகை சமமாக இருக்கிறதா இல்லையா என்பதை விரல் சொல்லிவிடும். பட்டம் நிற்கிறதா இல்லையா என்பதை வானம் சொல்லிவிடும். செய்த வேலை நன்றாக வந்திருக்கிறதா என்று பிறர் சொல்லாமலே அறியும் பழக்கம் எனக்கு அங்கேதான் வளர்ந்தது. திங்கட்கிழமை அந்தப் பழக்கத்தோடு மேசையில் அமர்ந்தால், ஒரு வரைபடம் ஒழுங்காக இல்லை என்பதை மதிப்பீட்டாளர் சொல்வதற்கு முன்பே என் கண் சொல்லிவிடுகிறது.

எல்லோரும் இப்படித்தான் பிரித்து வைக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் ஊரோடு தொடர்புடைய மிகப் பெரிய எதிர்ச்சான்று சுவாமி விபுலாநந்தர். 1892இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனம், இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் கற்பித்தவர். துறவு பூண்டு, இராமகிருஷ்ண மிஷனின் கல்விப் பணிக்காகக் கிழக்குக்குத் திரும்பிய பின் 1920களில் எங்கள் இந்துக் கல்லூரியின் அதிபராகவும் இருந்தார். அவருக்குத் தமிழிலும் இசையிலும் இருந்த காதல் எந்த நியமனக் கடிதத்திலும் எழுதப்பட்டதன்று. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் மறைந்து கிடந்த இசை இலக்கணத்தைக் கையில் எடுத்து, சுரங்களுக்கு இடையிலான விகிதங்களைக் கணக்கிட்டு, வழக்கொழிந்த யாழ்களின் அமைப்பை மீட்டெடுக்க அவர் பல ஆண்டுகள் உழைத்தார். யாழ்நூல் 1947இல் அரங்கேறியது; அடுத்த மாதமே அவர் மறைந்தார். அளவியலில் பயின்ற மூளையும் பண்ணில் தோய்ந்த செவியும் ஒரே மனிதரிடம் இருந்திராவிட்டால் அப்படி ஒரு நூல் தமிழுக்குக் கிடைத்திருக்காது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக அவர் அமர்ந்தது, அந்தக் காதலைப் பதவி தேடி வந்த கதை.

சேர். சி. வி. இராமனும் 1907 முதல் பத்து ஆண்டுகள் இந்திய நிதித்துறையில் அதிகாரியாக இருந்தவர்; காலையிலும் மாலையிலும் கல்கத்தாவின் விஞ்ஞானக் கழகத்துக்குப் போய் ஆய்வு செய்தார். மிருதங்கத்தின் வலந்தலையில் இடப்படும் கருஞ்சாந்து அதன் மேற்சுரங்களை எப்படி ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது என்று ஆராய்ந்தவர் அவர். வற்றுப்பெருக்கைக் கூறுகளாகப் பிரிக்கும் முறையை வகுத்த வில்லியம் தொம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, 1870இல் ஒரு பாய்க்கப்பலை விலைக்கு வாங்கி ஓய்வுக் காலங்களைக் கடலில் கழித்தார். கடலாழம் அளக்கும் கருவியும் திருத்திய திசைகாட்டியும் அந்தக் கடற்பயணங்களோடு ஒட்டியே பிறந்தன. இவர்கள் யாவரிடமும் விருப்பம் முதலில் வந்தது, ஆய்வு பின்னால் வந்தது. ஆய்வுக்குப் பொருள் தேடித் தேடிப் பொழுதுபோக்கை வளர்த்துக்கொண்டவர் ஒருவரையும் எனக்குத் தெரியாது.

எனக்குக் கவலை தருவது எங்கள் மாணவர்களின் நிலை. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் தொடங்கும் ஓட்டம் உயர்தரம் வரை நிற்பதில்லை. பாடசாலை முடிந்து தனியார் வகுப்பு, சனி ஞாயிறும் வகுப்பு, விடுமுறையில் மீட்டல் வகுப்பு. இத்தனையையும் தாண்டி நிலாவெளி வீதியில் உள்ள வளாகத்துக்கு வந்து சேரும் பிள்ளையிடம் "உங்களுக்கு என்ன செய்வதில் விருப்பம்?" என்று கேட்டால் பலர் நாணி நிற்கிறார்கள். விருப்பத்துக்கென்று ஒரு மணி நேரத்தைக்கூட அவர்களுக்கு யாரும் விட்டுவைக்கவில்லை. பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். போர் எல்லாவற்றையும் பறித்துக்கொண்ட பின் கல்வி ஒன்றே எஞ்சியது என்று நம்பிய தலைமுறை அது. ஆனால் ஆய்வுகூடத்தில் வேற்றுமை கண்கூடாகத் தெரிகிறது. தகப்பனோடு கரைவலைக்குப் போய் வாடியில் இருந்து வலை பொத்திய பையன், கருவி ஒன்று சிக்கிக்கொண்டால் பதற்றப்படாமல் எந்த இழையில் சிக்கல் தொடங்கியது என்று தேடுகிறான். பாட்டியோடு பன் பாய் இழைத்த பிள்ளை தரவுகளில் ஒரு வரிசை தப்பியிருப்பதை எல்லோருக்கும் முன்பாகக் கண்டுபிடிக்கிறாள். பரீட்சைப் புள்ளிகளில் இவர்களைவிட முன்னால் நிற்பவர்கள், செய்முறையில் விடை வராதபோது என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

ஆகவே சனிக்கிழமை பிற்பகல்களில் எங்கள் ஆய்வுகூடத்தின் ஒரு மூலையை மாணவர்களுக்குத் திறந்து விடுகிறேன். விரும்பியதைச் செய்யலாம், அறிக்கை எழுதக் கூடாது, நான் கேட்காமல் விளக்கமும் சொல்லக் கூடாது. ஒருவர் பழைய வானொலியைப் பிரித்து வைத்திருக்கிறார். கிண்ணியாவிலிருந்து வரும் மாணவர் ஒருவர் மரத்தில் சிறு தோணி செதுக்குகிறார். வாள்பற்களை வடிகட்டவா என்று கேட்ட மாணவி, இப்போது ஆய்வு உதவியாளராக இருக்கிறார். அவர் என்னிடம் மூங்கில் சீவக் கற்றுக்கொண்டு, கணுவில் இடறாமல் கத்தியை நகர்த்தும் அளவுக்குத் தேறிவிட்டார். அடுத்த கச்சானுக்கு அவர் கட்டும் எட்டுமூலைக்கு விண் பூட்டுவதா வேண்டாமா என்பதில் எங்களுக்குள் இன்னும் இணக்கம் ஏற்படவில்லை. முதற்பட்டத்துக்கு விண் பாரம் என்பது என் கருத்து. விண் இல்லாத பட்டம் தனக்கு வேண்டாம் என்கிறார் அவர்.